இணையச் சூதாட்டச் சொற்கள்: வரலாறும் கணக்கும்

முன்னுரை

இணையச் சூதாட்டத் தளங்களில் ஜாக்பாட், ஸ்லாட், போனஸ், ஆட்ஸ், ஆர்.டி.பி. எனப் பல சொற்கள் புழங்குகின்றன. புதிதாகக் காண்போருக்கு இவை கணினியோடு பிறந்த சொற்கள் போலத் தோன்றும். உண்மையில் இவற்றுள் பல, கணினிக்கு நூறு, இருநூறு ஆண்டுகள் முற்பட்டவை. வெனிஸ் நகரத்து மாளிகை, மொனாக்கோவின் சுழல்வட்டு, சான் பிரான்சிஸ்கோவின் இரும்புப் பெட்டி என ஊர் ஊராகத் தோன்றி வளர்ந்து, இன்று கைப்பேசிக்குள் வந்து சேர்ந்தவை.

பொருள் அறியாமல் பணம் கட்டுவோர், தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதை அறியாமலே உடன்படுகின்றனர். ஒவ்வொரு சொல்லும் எங்கே, எதற்காகத் தோன்றியது, அதன் பின்னால் நிற்கும் கணக்கு யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இக்கணக்குகள் அனைத்தும் விளங்கும்.

கேசினோ

'கேசினோ' இத்தாலியச் சொல். 'காசா' என்றால் வீடு. 'கேசினோ' என்றால் சிறு வீடு. செல்வர்கள் இசை, நடனம், உரையாடல் முதலிய பொழுதுபோக்குகளுக்காக வைத்திருந்த சிறு மாளிகைகளை இச்சொல் முதலில் குறித்தது. அங்கே சூதும் நடந்தது. நாளடைவில் மற்றவை பின்தங்க, சூதாட்டக் கூடத்துக்கே அது பெயராகிவிட்டது.

தமிழில் ஒரு சொல் இதற்கு எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. திருக்குறளின் 94ஆவது அதிகாரமாகிய 'சூது', 'கழகம்' என்னும் சொல்லைச் சூதாடும் இடம் என்ற பொருளில் ஆள்கிறது. அதே சொல் இன்று பல்கலைக்கழகத்துக்கும் அரசியல் கட்சிக்கும் உரியதாக உள்ளது. சூதாடு கருவியைக் குறித்த 'கவறு' என்னும் பழஞ்சொல்லோ பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஐரோப்பாவில் அரசே முன்நின்று திறந்த தொடக்ககாலச் சூதாட்டக் கூடங்களுள் புகழ்பெற்றது வெனிஸின் 'ரிடோட்டோ'. 1638இல் அந்நகர அரசு ஒரு மாளிகையின் பகுதியைத் திருவிழாக் காலச் சூதாட்டத்துக்காகத் திறந்துவிட்டது. மறைவிடங்களில் நடந்த சூதை ஒரே இடத்தில் கொண்டுவந்து கண்காணிக்கவும் வருவாய் ஈட்டவும் அது உதவியது. ஆடுவோர் முகமூடி அணிந்து வந்தனர். 1774இல் இக்கூடம் மூடப்பட்டது.

பேங்க், குரூப்பியர்

சூதாட்டத்தில் 'பேங்க்' என்பது, ஆடுவோர் அனைவருக்கும் எதிராக ஒருவர் வைத்திருக்கும் பணத் தொகுதி. வென்றவருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். தோற்றவர் பணம் அதில் சேரும். ரிடோட்டோவில் பேங்க் வைக்கும் உரிமை பிரபுக்களுக்கு மட்டுமே இருந்தது. அவ்வுரிமை இலாபம் தருவது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அக்கால ஆட்டங்களுள் ஒன்றான 'பிரிபி' இதைத் தெளிவாகக் காட்டும். பலகையில் 1 முதல் 70 வரை எண்கள் இருக்கும். தாம் பணம் வைத்த எண் வந்தால், ஆடியவருக்குப் பணயத்தைப் போல் 64 மடங்கு கிடைக்கும். எழுபதில் ஒன்று விழும் ஆட்டத்தில் 64 மடங்குதான் பரிசு. இடையில் விடுபடும் மடங்குகளே பேங்க் வைத்தவரின் வருமானம்.

பணத்தை வாங்கிக் கொடுக்கும் பணியாளருக்குக் 'குரூப்பியர்' என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல். குதிரை மேல் செல்பவருக்குப் பின்னால் அமர்ந்து செல்பவரை அது முதலில் குறித்தது. பின்னர், ஆடுபவருக்குப் பின்னால் நின்று உதவுபவரைக் குறித்தது. இறுதியில் கூடத்தின் பணியாளரையே குறிக்கலாயிற்று. இன்று இணையத்தில் 'லைவ் டீலர்' என்ற பெயரில் கேமரா முன் சீட்டுப் போடுபவர் இவரே.

ஆட்ஸ்

ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கும் நடவாமல் போவதற்கும் உள்ள விகிதம் 'ஆட்ஸ்' எனப்படும். சூதாடிகள் நெடுங்காலம் இதை அனுபவத்தால் மட்டுமே மதிப்பிட்டனர். இத்தாலிய மருத்துவரும் கணிதவியலாளருமான ஜெரோலமோ கார்டானோ 16ஆம் நூற்றாண்டில் பகடை பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1663இல் தான் அது அச்சேறியது.

1654இல் பிரான்சில் ஷெவாலியே டி மேரே என்ற கனவான் சூதாட்டம் தொடர்பான சில ஐயங்களைக் கணித மேதை பாஸ்கலிடம் எழுப்பினார். அவற்றை ஒட்டிப் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களே நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் என்பர். டி மேரேயின் பெயரோடு வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழும் வாய்ப்பு சுமார் 51.8 சதவீதம். இரு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரண்டிலும் ஆறு விழும் வாய்ப்பு சுமார் 49.1 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதலாவதில் பந்தயம் கட்டுபவர் காலப்போக்கில் வெல்வார். இரண்டாவதில் கட்டுபவர் தோற்பார். மனத்தின் ஊகம் வேறு, கணக்கு வேறு என்பதற்கு இது பழைய சான்று.

சூதாட்டத் தளத்தில் 'ஆட்ஸ்' என்று காட்டப்படுவது பெரும்பாலும் உண்மையான வாய்ப்பு விகிதம் அன்று. நிலையம் கொடுக்கச் சம்மதிக்கும் பரிசு விகிதம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் அடுத்த சொல் பிறக்கிறது.

ஹவுஸ் எட்ஜ்

'ஹவுஸ்' என்பது சூதாட்ட நிலையம். 'ஹவுஸ் எட்ஜ்' என்பது நிலையத்துக்கு ஆட்டத்திலேயே அமைந்துள்ள சாதகம். இதை ரூலெட் ஆட்டத்தைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 'ரூலெட்' என்றால் பிரெஞ்சு மொழியில் சிறு சக்கரம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் இது ஆடப்பட்டது.

ரூலெட் வட்டில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூச்சியமும் உண்டு. ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் 1 ரூபாய் வைத்து வென்றால் 35 ரூபாய் பரிசும், வைத்த 1 ரூபாயும் கிடைக்கும். ஒருவர் 37 குழிகளிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் செலவு 37 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 36 ரூபாய். குறையும் 1 ரூபாய், அதாவது சுமார் 2.70 சதவீதம், நிலையத்தின் சாதகம். அமெரிக்காவில் பெரிதும் வழங்கும் வட்டில் இரண்டு பூச்சியங்கள்; சாதகம் 5.26 சதவீதம். மூன்று பூச்சியங்கள் உள்ள வட்டில் அது 7.69 சதவீதம். வட்டில் ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை. வட்டு முழு நேர்மையாகச் சுழன்றாலும் நிலையம் வெல்லும்.

இச்சாதகத்தை ஒரு கடைக்காரரின் இலாப விகிதம் போல் கையாண்டவர்கள் பிளாங்க் சகோதரர்கள். லூயி, பிரான்சுவா ஆகிய இருவரும் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரில் 1843இல் ஒற்றைப் பூச்சிய ரூலெட்டை அறிமுகப்படுத்தினர். மற்ற இடங்களில் இரு பூச்சியங்கள் இருந்தபோது இங்கே ஒன்றுதான் என்பதால் கூட்டம் திரண்டது. சாதகம் குறைந்தது, வருமானம் பெருகியது. பிரான்சுவா பிளாங்க் 1863இல் மொனாக்கோவின் சூதாட்ட உரிமையைப் பெற்றார். மான்டி கார்லோ உலகப் புகழ் அடைந்தது. கிடைத்த வருவாயின் பலத்தில் மொனாக்கோ அரசு 1869இல் குடிமக்களின் வருமான வரியை நீக்கியது. அதே மொனாக்கோவின் குடிமக்களுக்கு அங்குள்ள சூதாட்டக் கூடத்தில் ஆட அனுமதி இல்லை.

'பேங்கை உடைத்தல்' என்ற சொற்றொடரும் மான்டி கார்லோவோடு சேர்த்தே பேசப்படுகிறது. நிலையமே திவாலானது என்று பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். ஒரு மேசைக்கு அன்று ஒதுக்கிய பணம் தீர்ந்தது என்பதே இதன் பொருள். அம்மேசையைக் கறுப்புத் துணியால் மூடி, புதிய பணம் வந்ததும் ஆட்டத்தைத் தொடர்வார்கள். 1891இல் இவ்வாறு பலமுறை 'உடைத்து'ப் புகழ்பெற்ற சார்லஸ் வெல்ஸ் என்ற ஆங்கிலேயர், பின்னர் மோசடிக்காகச் சிறை சென்று இறுதியில் வறுமையில் இறந்தார். கூடம் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

சூதாடியின் மயக்கம், மார்ட்டிங்கேல்

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் ஒரு ரூலெட் மேசையில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. 'இனி சிவப்பு விழுந்தே தீரும்' என்று நம்பிச் சிவப்பில் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகை இழந்தனர். முன் நடந்தது பின் நடப்பதை மாற்றும் என்று நினைக்கும் இப்பிழைக்குச் 'சூதாடியின் மயக்கம்' என்று பெயர். வட்டுக்கு நினைவாற்றல் இல்லை. பத்து முறை கறுப்பு விழுந்த பின்னும் அடுத்த சுற்றில் சிவப்புக்கு உள்ள வாய்ப்பு 37இல் 18 தான்.

இம்மயக்கத்தின் மேல் எழுந்த உத்திதான் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் பரவிய 'மார்ட்டிங்கேல்'. தோற்கும்போதெல்லாம் பணயத்தை இரட்டிப்பாக்கினால், ஒருமுறை வென்றதும் இழந்தவை அனைத்தும் மீளும் என்பது இதன் வாதம். 100 ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து 10 முறை தோற்றால் இழப்பு 1,02,300 ரூபாய். பதினோராவது முறை 1,02,400 ரூபாய் வைக்க வேண்டும். அப்போது வென்றாலும் நிகர இலாபம் 100 ரூபாயே. ஒரே சுற்றில் வைக்கக்கூடிய தொகைக்கு நிலையங்கள் உச்சவரம்பு விதிப்பதால் அந்தப் பதினோராவது வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதும் இல்லை. இன்று சமூக ஊடகங்களில் 'தோற்காத உத்தி' என்று விற்கப்படுபவற்றுள் பல இந்தப் பழைய மார்ட்டிங்கேலின் மறுபெயர்களே.

ஸ்லாட், ஜாக்பாட்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்ற இயந்திர வினைஞர் சான் பிரான்சிஸ்கோவில் 'லிபர்ட்டி பெல்' என்னும் பெட்டியை உருவாக்கினார். நாணயத்தை ஒரு துவாரத்தில் போட்டுப் பக்கத்திலுள்ள கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழலும். மூன்றிலும் மணிப் படம் வந்தால் மிக உயர்ந்த பரிசு. நாணயத் துவாரத்தைக் குறித்த 'ஸ்லாட்' இயந்திரத்துக்கே பெயரானது. ஒரே கைப்பிடி கொண்டு பணம் பறித்ததால் 'ஒற்றைக்கைக் கொள்ளையன்' என்ற பட்டப்பெயரும் வந்தது. சூதாட்டத் தடையைத் தாண்ட, சில இயந்திரங்கள் பணத்துக்குப் பதில் பழச் சுவையுள்ள சூயிங்கம் கொடுத்தன. இன்றும் ஸ்லாட் திரையில் செர்ரியும் எலுமிச்சையும் தோன்றுவது அக்காலத்து எச்சம்.

'ஜாக்பாட்' போக்கர் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. 'பாட்' என்பது நடுவில் குவியும் பணயம். கையில் குறைந்தது இரண்டு ஜாக் சீட்டுகளாவது இருப்பவரே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க விதிகளுள் ஒன்று. அப்படி எவரிடமும் இல்லாவிட்டால் மறுபடி பணம் போட்டுச் சீட்டுப் பிரிப்பர். பணயம் வளர்ந்துகொண்டே போகும். அந்த வளர்ந்த பணயமே ஜாக்பாட். ஆக, ஜாக்பாட் என்பது ஆடுவோர் தாமே சேர்த்த பணம். இன்றைய 'புரோக்ரஸிவ் ஜாக்பாட்' என்பதும் அதுவே. ஒவ்வொருவர் பணயத்திலிருந்தும் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டுக் குவிகிறது.

ஆர்.என்.ஜி.

உருளைகள் இரும்பாய் இருந்த வரையில் பரிசுக்கு ஓர் எல்லை இருந்தது. ஓர் உருளையில் 22 நிறுத்தங்கள் என்றால் மூன்று உருளைகளில் 22×22×22, அதாவது 10,648 சேர்க்கைகளே. பெரும்பரிசு பத்தாயிரம் சுற்றுகளுக்கு ஒருமுறை விழும். அதற்கு மேல் பரிசை உயர்த்தினால் நிலையத்துக்கு நட்டம்.

இந்த எல்லையை உடைத்தது இங்கே டெல்னஸ் என்பவர் 1984இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை. கணினியிலுள்ள தற்செயல் எண் உருவாக்கி, சுருக்கமாக ஆர்.என்.ஜி., முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். உருளை அதற்கேற்ப நிற்கும். கண்ணுக்குத் தெரிவது 22 படங்கள். கணினிக்குள் 64 எண்கள் இருக்கலாம். அப்போது சேர்க்கைகள் 2,62,144 ஆகின்றன. பெரும்பரிசுப் படத்துக்கு ஓர் எண்ணும், அதன் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல எண்களும் ஒதுக்கலாம். விளைவாக, பரிசுப் படம் கோட்டுக்குச் சற்று மேலே அல்லது கீழே அடிக்கடி நிற்கும். 'மயிரிழையில் தவறிவிட்டது' என்று ஆடுபவர் எண்ணுவார். கணக்கின்படி அவர் அருகில் கூட வரவில்லை. இதற்கு 'நியர் மிஸ்' என்று பெயர்.

கைப்பிடியை இழுக்கும் வேகம், ஆடும் நேரம், தொடர்ந்து தோற்ற எண்ணிக்கை ஆகிய எதையும் முறையான ஆர்.என்.ஜி. கணக்கில் எடுப்பதில்லை. 'இந்த இயந்திரம் இப்போது கொடுக்கும் நேரம்' என்பது சூதாடியின் மயக்கத்தின் இன்னொரு வடிவம்.

இணையம் வந்த பின்: ஆர்.டி.பி., போனஸ், வேஜரிங்

1994இல் கரீபியத் தீவு நாடான ஆன்டிகுவா பார்புடா இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. அப்பத்தாண்டின் நடுவில் பணம் கட்டி ஆடும் இணையக் கேசினோக்கள் தோன்றின. நாணயம் போடும் நேரமும் கூடத்துக்குப் போகும் தொலைவும் மறைந்தன.

'ஆர்.டி.பி.' என்பது ஆடுபவருக்குத் திரும்பும் விகிதம். 96 சதவீதம் ஆர்.டி.பி. என்றால், 1,000 ரூபாயில் 960 ரூபாய் பத்திரமாகத் திரும்பும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. அந்த விகிதம் கையிலிருக்கும் பணத்துக்கு உரியதன்று. வைக்கப்படும் ஒவ்வொரு பணயத்துக்கும் உரியது. சுற்றுக்கு 10 ரூபாய், நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 600 சுற்றுகள். வைத்த மொத்தப் பணயம் 6,000 ரூபாய். அதில் 4 சதவீதமாகிய 240 ரூபாய் சராசரி இழப்பு. 1,000 ரூபாய் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கலாம். அதற்கு முன்பே தீரவும் செய்யலாம். விகிதத்தைப் போலவே வேகமும் பணத்தைக் கரைக்கிறது.

'போனஸ்' என்பதோடு 'வேஜரிங்' என்ற சொல் சிறிய எழுத்தில் ஒட்டியிருக்கும். போனஸைப் பணமாக எடுப்பதற்கு முன் எத்தனை மடங்கு பந்தயம் கட்ட வேண்டும் என்பதே அது. 1,000 ரூபாய் போனஸுக்கு 30 மடங்கு என்றால் 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். 96 சதவீத ஆட்டத்தில் அதன் சராசரி இழப்பு 1,200 ரூபாய். இலவசம் என்று வந்த 1,000 ரூபாயைவிட அதைப் பெற ஆகும் செலவு 200 ரூபாய் அதிகம்.

இன்னொன்று, தோல்வியை வெற்றி போலக் காட்டுவது. 10 ரூபாய் வைத்தவருக்கு 4 ரூபாய் திரும்பும்போது மணி ஒலித்துத் திரை மின்னும். உண்மையில் 6 ரூபாய் போயிற்று. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இணைய ஸ்லாட்டுகளில் இத்தகைய கொண்டாட்டத்தை 2021 அக்டோபர் முதல் தடைசெய்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்தது 2.5 விநாடி ஆக வேண்டும் என்றும் விதித்தது. சொல்லும் ஒலியும் வேகமும் கூட ஆட்டத்தின் பகுதிகளே என்பதை அவ்விதிகள் ஏற்றுக்கொண்டன.

திறனும் வாய்ப்பும்: இந்தியச் சட்டத்தின் இரு சொற்கள்

இந்தியாவில் சூதாட்டம் பற்றிய பேச்சில் தவிர்க்க முடியாத இரு சொற்கள் 'திறன் விளையாட்டு', 'வாய்ப்பு விளையாட்டு'. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே திறனை மட்டும் சார்ந்த விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. 1957இல் உச்ச நீதிமன்றம், வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்த போட்டிகள் சூதாட்டம் அல்ல என்றது. 1968இல் ரம்மியையும், தமிழ்நாடு தொடர்பான வழக்கொன்றில் 1996இல் குதிரைப் பந்தயத்தையும் திறன் சார்ந்தவை என்று கூறியது.

இத்தீர்ப்புகளின் நிழலில் இணைய ரம்மி வளர்ந்தது. அங்கே நிலையம் ஆடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் 'ரேக்' எனப்படும் தரகை எடுத்துக்கொள்கிறது. சம திறன் உள்ள இருவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்ந்து, ஆட்டத்துக்கு 100 ரூபாய் வைத்து ஆடுவதாகக் கொள்வோம். தரகு 10 சதவீதம் என்றால் 200 ரூபாயில் 20 ரூபாய் போகும். மாறி மாறி வென்று 50 ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் 500 ரூபாய் மட்டுமே இருக்கும். இருவரில் எவரும் மற்றவரிடம் தோற்கவில்லை. ஆயினும் 1,000 ரூபாய் காணாமல் போயிருக்கும். திறன் விளையாட்டு என்ற சொல் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

2003இல் லாட்டரியைத் தடைசெய்த தமிழ்நாடு அரசு, பண இழப்பும் தற்கொலைகளும் பற்றிய கவலைகளை அடுத்து இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அது ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகக் குறித்த அட்டவணையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறனா வாய்ப்பா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக நின்ற வேறுபாட்டை இணைய ஆட்டங்களைப் பொறுத்தவரை அது ஒதுக்கிவைத்தது.

முடிவுரை

பிரிபியில் விடுபட்ட மடங்குகள், ரூலெட்டின் பூச்சியம், ஸ்லாட்டில் மறைந்திருக்கும் எண்கள், ஆர்.டி.பி.யில் குறையும் 4 சதவீதம், ரம்மியின் ரேக் ஆகியவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் ஒரே கணக்குக்கு இடப்பட்ட பெயர்கள். ஒருவர் ஒரு நாள் வெல்லலாம். ஆனால் பணயத்தின் எண்ணிக்கை கூடக் கூட முடிவு சராசரியை நெருங்கும் என்பதை யாக்கோப் பெர்னூலியின் நூல் 1713லேயே நிறுவியது. நிலையம் இலட்சக்கணக்கான சுற்றுகளை நடத்துவதால் அந்தச் சராசரி அதன் பக்கம் உறுதியாக நிற்கிறது.

ஆகவே புதிய சொல் ஒன்றைக் காணும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நூறு ரூபாய்க்குப் பந்தயம் கட்டினால் சராசரியாக எவ்வளவு திரும்பும், மீதி யாருக்குப் போகும்? இக்கேள்விக்கு விடை தராத சொல், எத்தனை கவர்ச்சியாக இருப்பினும், விளம்பரமே. ஏற்கெனவே இப்பழக்கத்தில் சிக்கி மன உளைச்சலில் இருப்போரும் அவர்கள் குடும்பத்தாரும் இந்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416ஐக் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.